மறுக்க முடியாதவரின் சம்மதம்

பெங்களூரு ஜீவனஹள்ளியில் ஒரு தமிழ்க் குடும்பம். அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் கொடுப்பது என்ற பேச்சு எழுந்ததும் வீட்டாரின் கண்கள் மனைவி, தாய், தங்கை பக்கம்தான் போகும். உயிரோடிருந்து உறுப்பு தருவோரில் பெண்களும், பெறுவோரில் ஆண்களுமே இந்தியாவில் அதிகம்.

1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 18 வயது நிரம்பியவர் மனமுவந்து தருவதை ஏற்கிறது; விலைக்குத் தருவதைக் குற்றமாக்குகிறது. நெருங்கிய உறவினர் அல்லாதவர் ‘அன்பினால்’ கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். 2011 திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியையும் நெருங்கிய உறவில் சேர்த்தது. விற்பனைக்கான தண்டனையை 10 ஆண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை உயர்த்தியது.

இருந்தும், ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வாங்கித் தந்த வியாபாரம் ஓயவில்லை. 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்ததாகப் புகார் எழுந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து 2002-இல் வெளியான ஆய்வின்படி, 96 சதவீதத்தினர் விற்றது கடன் அடைக்க. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோரின் கடனும் தீரவில்லை.

வெளியாள் என்றால் பணம் கைமாறியதா என்று துருவும் சட்டம், உறவினர் என்றால் உறவுச் சான்றிதழ்களோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கந்துவட்டிக்காரனின் நெருக்கடி அங்கீகாரக் குழுவின் கண்ணில் பட வாய்ப்புண்டு. மாமியாரின் மௌனம் எந்தப் படிவத்தில் பதியும்? பெண் கொடையாளரின் சுயசம்மதத்தை, உறுப்பு பெறுபவரல்லாத வேறொருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன 2014 விதிகள். ஆனால் அந்த வேறொருவர் அதே வீட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் எந்நேரமும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது படிவம். ‘மாட்டேன்’ என்றவள் திரும்பப் போக வேண்டியதும் அதே வீட்டுக்குத்தானே?

பிரிட்டனில், சிகிச்சைக் குழுவைச் சேராத ஒரு மதிப்பீட்டாளர் கொடையாளரைத் தனியே சந்தித்துப் பேசுகிறார். இங்கும் அது கட்டாயமாக வேண்டும். மறுத்தவரின் காரணம் ரகசியமாகக் காக்கப்பட்டு, ‘இவர் கொடுக்க இயலாது’ என்ற முடிவு மட்டுமே குடும்பத்துக்குப் போக வேண்டும்.

‘முடியாது’ என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கிய ‘சரி’ சம்மதம் ஆகாது.