உழைப்பவனுக்கு ஊர் எது?

மக்கள் கூட்டங்கூட்டமாக ஊர் பெயர்வதை விதி என்பார் சிலர். பேராசை என்பார் வேறு சிலர். இவ்விரு வாதங்களையும் நாம் மறுக்கின்றோம்.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய உழவனைப் பஞ்சமும் நிலமின்மையும் ஊரைவிட்டுத் துரத்தின. கோப்பித் தோட்டத் துரையின் தேவையோ, கங்காணியின் முன்பணமாக வந்து அவனைக் கண்டி மலைக்கு இழுத்தது. 1869இல் கோப்பியைத் தாக்கிய நோய் அப்பயிரையே அழித்தது, தேயிலை வந்தது, அவனது கடன் வாழ்வு மட்டும் மாறவில்லை. கடல் கடந்து வந்த தொழிலாளரே கொழும்புத் துறைமுகத்திலும் வெள்ளவத்தை நூல் நெசவாலையிலும் உழைத்தனர்.

1930களின் பொருளாதார மந்தத்தில், இந்தியத் தொழிலாளரை வெளியேற்றுக என்ற கூச்சல் எழுந்தது. 1923இன் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்காவே அதற்குத் தலைமை தாங்கினார். ஆயினும் 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் சோஷலிஸ்டுகள் அவர்கள் பக்கம் நின்றனர். உழைப்பே உரிமைக்கு ஆதாரம் என்ற புதுக் கருத்து அன்று அங்கே ஒலித்தது.

நாடு அதனை ஏற்றதா? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மந்தையைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டது. 1948இல் அச்சட்டத்தை எதிர்த்த சமசமாஜக் கட்சி, 1964இல் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது! எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அதற்குள் இலட்சக்கணக்கானோர் கப்பலேறிவிட்டனர்.

தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது தனக்கு நேராது என்று வாளாவிருந்தது கொழும்புத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் ஒரு பகுதி. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது, அதுவும் அகதி முகாம் தேடி ஓடிற்று. பின்னர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெயர்ந்தது. ஒருவனை நாடற்றவனாக்க அனுமதித்த சமூகத்தில் எவனுக்கும் நாடு உறுதியில்லை.

கருத்து உண்மையானது என்பதனால் மட்டும் வெற்றி பெறுவதில்லை. பழைய எண்ணத்தால் ஆதாயம் பெறுவோர் அதனைக் காத்து நிற்கின்றனர். இன்றும் மலையகத்துப் பிள்ளைகள் நம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என விளிக்கும் நாவு நம்மவரிடையே ஓய்ந்துவிட்டதா? ஆசிரியர்களே, மாணவர்களே! 1933இல் வெள்ளவத்தையில் ஒலித்த கருத்தை முதலில் ஏற்க வேண்டியவர்கள் நம் வீட்டாரே. அதனைச் சொல்லும் கடமை உங்களுடையது.