மாலை எதற்கு? கூலி எங்கே?

ஆம்பூர்க் காலணிகளின் மேல்தோலைத் தைப்போர் பெரும்பாலும் பெண்டிரே. மார்ச்சு 8இல் அவர்களுட் சிலரை மேடையேற்றிப் போற்றுகின்றனர். நன்று! ஆனால், வீட்டுத் திண்ணையிலமர்ந்து, இணைக்குச் சில உருவாவுக்காக விரல் தேயத் தைக்கும் தாயை எவர் அழைத்தார்? அவள் பெயர் எந்தப் பணிப்பதிவேட்டிலும் இல்லை, மருத்துவக் காப்பில்லை, வைப்புநிதியில்லை. ஒத்த பணிக்கு ஒத்த கூலியென 1976இலேயே சட்டம் செய்தும் அவள் நிலை இதுவே!

பெண்கள் கூடினால் என்ன நிகழவேண்டும்? 13.11.1938இல் சென்னையில், மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறுநாளே மகளிர் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்தனர்!

ஆம்பூர் மகளிரே! உங்கள் விழாவின் மறுநாள் எது? திண்ணைத் தாயின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். அதன்பின் மாலை ஏற்பீர்!