வாள் அலகுச் சிட்டும் ஒரு காட்டுக் கொடியும்

கேள்வி: வீட்டுச் செம்பருத்தியில் தேன் குடிக்க வரும் சின்னஞ்சிறு பறவைதான் ஹம்மிங் பறவையா? அதனால் பயிருக்கு நன்மை உண்டா?

பதில்: இல்லை. நம் தோட்டத்துக்கு வருவது தேன்சிட்டு. அது பெரும்பாலும் கிளையில் அமர்ந்துதான் தேன் குடிக்கும். ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது.

அந்த இனத்தில் விவசாயிகள் அறிய வேண்டிய ஒன்று வாள் அலகு ஹம்மிங் பறவை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், வெனிசுவேலா முதல் பொலிவியா வரை, மூடுபனி தவழும் மேகக்காடுகளில் வாழ்கிறது. எடை 10 முதல் 15 கிராம்தான். வாலை விட்டுவிட்டு அளந்தால் உடலைவிட அலகு நீளம். இப்படி அமைந்த பறவை உலகில் வேறில்லை. இந்த அலகால் இறகைக் கோத முடியாது, காலால்தான் சொறிந்துகொள்ளும்.

இத்தனை நீள அலகு எதற்கு? அந்தக் காட்டில் தாட்பூட் பழக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிகள் உண்டு. அவற்றில் ஒரு வகையின் பூ நீண்ட குழாய் போலத் தொங்கும். தேன் அடியாழத்தில் இருக்கும். மற்ற பறவைகளின் அலகு அதுவரை எட்டாது. வாள் அலகுச் சிட்டு அலகை முழுதும் நுழைத்துக் குடிக்கும்போது மகரந்தம் தலையில் ஒட்டும். அடுத்த கொடியின் பூவுக்குப் போகும்போது அது சூல்முடியில் படும், காய் பிடிக்கும்.

வேறு சில பறவைகள் பூவின் அடியைத் துளைத்துத் தேனைத் திருடிவிடும். அவை மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே பூவுக்கு வருகிற எல்லாமே மகரந்தம் சேர்ப்பவை அல்ல. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமும் உருளைக்கிழங்கு வயலும் ஆக்கிய இடங்களில் இந்தப் பறவை வராமல் போனால், கொடி பூத்தும் காய்க்காது. கொடி இல்லாமல் போனால் பறவைக்கும் இரை குறையும்.

நம் பயிர்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் தேனீக்கள் செய்கின்றன. தேன்சிட்டும் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு போகும். சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தின்னும். அதை விரட்ட வேண்டாம். ஆனால் மாமரத்துப் புல்லுருவிப் பூவுக்கும் அது உதவிவிடும் என்பதால், புல்லுருவியைப் பூக்கும் முன்பே கிளையோடு வெட்டி எடுங்கள்.

பூசணியில் பூ நிறையப் பூத்தும் பிஞ்சு உதிர்கிறது என்றால், விதையைக் குறை சொல்லும் முன் காலையில் கொடியருகே நின்று தேனீ வருகிறதா என்று பாருங்கள். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே மூடிவிடும். அந்த நேரத்தில் மருந்து அடித்தால் தேனீ சாகும், காயும் குறையும். மருந்து தேவைப்பட்டால் மாலையில் அடியுங்கள். வரப்பில் தும்பையும் வேலியோரம் ஆவாரையும் கொஞ்சம் நிற்கட்டும், தேனீ தங்கும்.

தேனீ வரவே இல்லையென்றால், காலை 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும்.