உயிர் காத்த சாலை

புதிதாக ஒரு சாலை போட வேண்டும் என்றால், முதலில் எழும் கேள்வி, "தினமும் எத்தனை வண்டி போகும்?" என்பதுதான்.

கேள்வி நியாயமானதே. மக்களின் வரிப்பணத்தைக் கொட்டிப் போட்ட சாலை வெறிச்சோடிக் கிடந்தால் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் போதாது. ஜப்பானில் உள்ள ஒரு சாலை இதைக் காட்டியிருக்கிறது.

ஜப்பானின் வடகிழக்கே சான்ரிக்கு என்ற கடற்கரை இருக்கிறது. அங்கே மலைகள் கடல் வரை இறங்கி வந்து நிற்கின்றன. மலைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குடாக்கள். குடாவின் ஓரத்தில் மீனவர் ஊர்கள். இந்த ஊர்களுக்கு முக்கியமான வழி, கடலோரமாக வளைந்து போகும் பழைய 45-ம் எண் நெடுஞ்சாலை.

அங்கே கடல் பொங்குவது புதிதல்ல. 1896-ல் வந்த சுனாமி சுமார் 22 ஆயிரம் பேரைக் கொண்டு போயிற்று. 1933-ல் சுமார் 3 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

மேட்டுப் பக்கமாக ஒரு விரைவுச் சாலை போடும் வேலை பல வருஷமாக நடந்தது. ஆனால் ஆமை வேகம்! மலையைக் குடைய வேண்டும்; பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் கட்ட வேண்டும். செலவு ஏராளம், போகும் வண்டிகளோ குறைவு.

திறந்த ஆறாம் நாள்

2011 மார்ச் 5-ந் தேதி, காமைஷி என்ற நகரத்தில் இந்தச் சாலையின் ஒரு துண்டு திறக்கப்பட்டது. அதன் நீளம் 5 கிலோ மீட்டர் கூட இல்லை.

ஆறே நாளில், மார்ச் 11-ந் தேதி பிற்பகல், பூமி அதிர்ந்தது. கடல் பொங்கியது.

அங்குள்ள உனோசுமாய் பகுதியில் இரண்டு பள்ளிக்கூடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சுமார் 570 பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று கண்டு, இன்னும் மேலே ஏறினார்கள்.

பள்ளிக்கூடங்களை அலை மூழ்கடித்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். கீழே இருந்த வழி பாழாகிவிட்டது. புதிய சாலை வழியாகவே அவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே நாளில் தெற்கே செண்டாய் நகரத்துச் சமவெளியில், வேறொரு விரைவுச் சாலையின் உயரமான மண்கரை மீது ஏறிச் சுமார் 230 பேர் தப்பினார்கள்.

கடலோரச் சாலை பல இடங்களில் அறுந்து போயிற்று. உள்நாட்டு நெடுஞ்சாலையிலிருந்து, சீப்பின் பற்களைப் போலக் கடலை நோக்கிப் போகும் பாதைகளை இரவு பகலாகச் சீர்செய்தார்கள். நான்கே நாளில் 15 பாதைகள் திறந்தன. உதவி போய்ச் சேர்ந்தது.

பத்து வருஷத்தில் முடிந்தது

அதன் பிறகு வேலை சூடு பிடித்தது. முழுச் சாலையையும் புனரமைப்பு வேலையாக எடுத்துக்கொண்டது அரசாங்கம். கெசென்னுமா குடாவின் மேல் 1,344 மீட்டர் நீளப் பாலம் எழுந்தது. 2021 டிசம்பர் 18-ந் தேதி, செண்டாய் முதல் ஹச்சினோஹே வரை 359 கிலோ மீட்டரும் திறந்தாயிற்று. எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த பயணம் ஐந்து மணிச் சொச்சமாகக் குறைந்தது. பெரும்பகுதிக்குச் சுங்கம் கிடையாது.

சாலை மட்டும் போதுமா?

போதாது. வண்டிகள் மேலே பறந்தால், பழைய சாலையோரக் கடைக்காரரின் வியாபாரம் படுக்கும். பிழைப்புத் தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போவதும் நிற்கவில்லை. சாலை ஊருக்கு வரவும் வழி. ஊரை விட்டுப் போகவும் வழி. ஊரில் தொழில் இருந்தால்தான் ஆள் தங்கும்.

இன்னொன்றும் உண்டு. காமைஷிப் பிள்ளைகளை ஓட வைத்தது சாலை அல்ல; பள்ளியில் பெற்ற பயிற்சி. ஓடியவர்களுக்குச் சாலை கைகொடுத்தது.

வண்டிகளை எண்ணுங்கள், செலவைப் பாருங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: ஆபத்து வரும் நாளில் இந்த ஊர் ஜனங்கள் எந்த வழியாகத் தப்புவார்கள்? இதற்குப் பதில் இல்லாத திட்டம், எவ்வளவு சிக்கனமானாலும், பாதித் திட்டம்தான்.