தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்போம்

கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர் போடுகிறார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று சொன்னால் சோம்பேறிப் பட்டம்தான் கிடைக்கிறது. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பட்டத்தைச் சுமக்கும் சகோதரிகள் பலருக்கு உண்மையில் இருப்பது இரத்தச்சோகை.

இது பழைய கதை. கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை றொக்பெல்லர் மன்றம் 1916இல் இலங்கையில் தொடங்கியது நமக்கு அடுத்த மாத்தளை மாவட்டத்தில்தான். மலசலகூடம் இல்லாத லயங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்து ஏறிய புழு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சியது. நோயாளித் தொழிலாளியால் தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கை அன்றே போட்டுவிட்டார்கள். மருந்து கொடுப்பதில் காட்டிய ஆர்வத்தை மலசலகூடம் கட்டுவதில் பல துரைமார் காட்டவில்லை.

இனி நம் சாப்பாட்டுக்கு வருவோம். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சாயத்தண்ணி. பகலில் சோறு, பருப்பு, கீரை, உடனே மறுபடி சாயத்தண்ணி. பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்பில் சேரவிடுவதில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி, அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். நாம் பறிக்கிற கொழுந்தே நம் இரத்தத்தில் கை வைக்கிறது! தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை; குளிரில் அது இல்லாமல் யாரால் இருக்க முடியும்? சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். காசு செலவில்லாத மருந்து இது ஒன்றுதான். சிறு பிள்ளைகளுக்குச் சோற்றோடு தேத்தண்ணி கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும்.

தேத்தண்ணி இருந்த இடத்தில் புளிப்பு வரட்டும். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால், சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கடித்தால், கீரையின் இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, பயறு, கௌபி, கடலை இவற்றோடு ஒரு பிடி நெத்தலிக் கருவாடு சேர்ந்தால் இன்னும் நல்லது. மீன், இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கூட இருக்கும் கீரையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு வரும்.

சோகை முற்றியவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை அலுமாரியில் வைத்துப் பயனில்லை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது குளிசையால்தான், பயப்பட வேண்டாம். புரட்டினால் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள், எடுக்கும் நேரத்தை மாற்றித் தருவார். தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. கல்சியம் குளிசையையும் வேறு நேரத்தில் போட வேண்டும். மாதவிடாயில் அதிக இரத்தம் போகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலசீமியாவாலும் இரத்தம் குறையும். ஆகவே பரிசோதிக்காமல் கடையில் குளிசை வாங்கிப் போடாதீர்கள்.

இதைச் சொல்லிவிட்டு, "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று முடித்துக்கொள்ள நமக்கு வெட்கமாக இருக்கிறது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதில் அரிசி, மா, பாடசாலைச் செலவு, அடகுக்கடை வட்டி போக மீனுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று ஒவ்வொரு வீட்டு அம்மாவுக்கும் தெரியும். வீட்டில் மீன் வந்தாலும் பெரிய துண்டு ஆம்பிளைக்கும் பிள்ளைக்கும் போகிறது, ஆக்கியவள் குழம்பைத் தொட்டுச் சாப்பிடுகிறாள். அண்ணன்மார், தம்பிமார் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவை: ஒவ்வொரு தோட்டத்திலும் பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது சம்பளத்தோடு கூடிய நேரத்தில் இரத்தப் பரிசோதனை; லயத்தைச் சுற்றி முருங்கை நடவும் கீரைப்பாத்தி போடவும் தடையில்லாத நிலம்; சோகை என்று கிளினிக் அட்டையில் எழுதப்பட்ட பெண்ணுக்கு, அது தேறும்வரை நிறை குறைந்தாலும் முழுப்பேர். தோட்டக் கமிட்டிப் பெண் தலைவிகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, அரைப்பேர் போடப்பட்ட சகோதரிகளின் விபரத்தை அவர்களின் சம்மதத்தோடு எழுதிக் கொண்டு வாருங்கள்.