சுட்டெலிக்குப் பாய் வேண்டுமா?

நமது கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் இவ்வாண்டு ஒரு சிறு வழக்கு எழுந்தது. மேசைதோறும் கிடந்த பழைய மவுஸ் பேட்டுகள் விளிம்பு சுருண்டு, அழுக்கேறிப் பயனற்றுப் போயின. அவற்றை நீக்கிப் புதியன வாங்குதல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். நீக்குவதோடு அமைதல் போதும். இக்காலத்து மவுஸுக்கு விரிப்பு எதற்கு என்றனர் மற்றொரு சாரார். பொருள் சிறிதே. எனினும், பழக்கத்தாற் செய்வது எது, தேவையாற் செய்வது எது எனப் பகுத்தறிதல் கல்வியின் பயன்களுள் ஒன்றாதலின், இதனைச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

மவுஸ் என்று நாம் வழங்கும் சுட்டெலியை முதன்முதல் எண்ணியவர் அமெரிக்க நாட்டு டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர். அவர் கருத்திற்கிணங்க, 1964-ஆம் ஆண்டில் பில் இங்கிலீஷ் என்பார் ஒரு சிறு மரப்பெட்டியின் அடியில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தி அதனைச் செய்தளித்தார். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பலர் முன்னிலையில் அஃது இயக்கிக் காட்டப்பெற்றது. பின்னர்ச் சக்கரங்களின் இடத்தை ஓர் உருண்டை கொண்டது. உருண்டை உருளுங்கால், அதனைத் தொட்டு நிற்கும் இரண்டு சிற்றுருளைகளும் சுழலும். ஒன்று இடவலமாகவும் மற்றொன்று முன்பின்னாகவும் சென்ற தொலைவைக் கணக்கிடும். வழவழப்பான மேசையில் உருண்டை உருளாது வழுக்கும். வழுக்கினாற் கணக்குப் பிழைக்கும். ஆதலின், உருண்டைக்குப் பிடிப்புத் தரும் பொருட்டுத் துணி போர்த்த ரப்பர் விரிப்பு வேண்டியதாயிற்று. மேசையின் தூசி உருண்டையோடு உள்ளேறி உருளைகளிற் படிவதும் உண்டு. உருண்டையைக் கழற்றி, அவ்வழுக்கை நகத்தாற் சுரண்டிய நினைவு நம் பழைய மாணவர் பலர்க்கு இன்றும் இருக்கும். அக்காலத்தில் விரிப்பு ஆடம்பரமன்று. கருவியின் ஓர் உறுப்பே எனலாம்.

நிற்க. 1980-ஆம் ஆண்டையொட்டி ஒளியால் இயங்கும் மவுஸை ரிச்சர்டு லியான், ஸ்டீவ் கிர்ஷ் என்னும் இருவர் தனித்தனியே ஆக்கினர். உருண்டை ஒழிந்தது, ஆயின் விரிப்பு ஒழியவில்லை. கிர்ஷ் ஆக்கிய மவுஸ், கட்டங்கட்டமாகக் கோடுகள் பொறித்த தனித் தகட்டின் மீதன்றி இயங்காது! 1999-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட மவுஸே, தனித் தகடு வேண்டாது, மரம், துணி, தாள் முதலிய பலவகைப் பரப்பிலும் செல்லும் ஆற்றலோடு கடைக்கு வந்தது. அஃது எங்ஙனம் செல்கின்றது என்பதை நாம் தெளிவாக உணர்ந்தது நூலில் அன்று; சீயமங்கலத்துக் குகையிலேயாம்.

கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற வந்தவாசி வட்டத்தில் உள்ளது சீயமங்கலம். அங்கே முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த கோயிலைக் காணச் சென்றிருந்தோம். அவனி பாஜன பல்லவேசுவரம் என்னும் அதன் பெயரைத் தூணிற் பொறித்த கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. எழுத்தைக் காணும் ஆவலோடு கைவிளக்கைத் தூணுக்கு நேரே பிடித்தோம். கல் முழுதும் ஒரே வெளிச்சமாயிற்றேயன்றி எழுத்துப் புலப்படவில்லை. உடன்வந்த ஆசிரியர் விளக்கை வாங்கித் தூணை ஒட்டினாற்போலப் பக்கவாட்டிற் சாய்த்தார். உடனே ஒவ்வொரு குழிவும் நிழல் கொண்டு, எழுத்துக்கள் உயிர்பெற்றனபோல் எழுந்து நின்றன.

மவுஸ் செய்வதும் இதுவே. அதன் அடியில் உள்ள சிறு விளக்கு மேசைமீது ஒளியைச் சாய்த்து வீசுகின்றது. நம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் மரத்திலும் தாளிலும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழல் கொள்கின்றன. விளக்கின் அருகே உள்ள மிகச்சிறு படக்கருவி, நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்து, முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டு, நிழல்கள் எப்பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று காண்கின்றது. எனவே, உருண்டைக்கு வேண்டியது பிடிப்பு. ஒளிக்கண்ணுக்கு வேண்டியதோ அடையாளம். அடையாளம் உள்ள பரப்பெல்லாம் அதற்குப் போதும். அடையாளமற்ற பரப்பில் அது குருடே.

இதன் பயனை அன்று மாலையே கண்டோம். திரும்பும் வழியில் செஞ்சியில் ஒரு கணிப்பொறிக் கடைக்குள் நுழைந்தோம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். தந்தையோடு வந்திருந்த ஒரு மாணவி மவுஸைப் பிடித்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். மேசைமீது கனத்த கண்ணாடி. அதன்கீழ்ப் பழைய நிழற்படங்களும் முகவரிச் சீட்டுகளும். அவள் ஒரு மாவட்டத்தைத் தொட முயன்றால் அம்புக்குறி வேறொன்றிற்குத் தாவும். வங்கியின் பெயரைத் தேர்ந்தால் அடுத்த பெயர் பதியும். கடைக்காரர், "கம்ப்யூட்டர் பழகாத பிள்ளை" என்று சலித்துக்கொண்டார். பிள்ளையின் முகம் வாடியது; பின்னால் நின்ற தந்தை தலைகுனிந்தார். காத்திருந்த பெரியவர் ஒருவர் தம் பையிலிருந்து திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, எழுத்தில்லாத பின்பக்கத்தை மேலாக்கி மவுஸின்கீழ் வைத்து, "இப்போது நகர்த்திப் பார் அம்மா" என்றார். அம்பு அமைதியாகச் சென்றது. சிறிது நேரத்தில் விண்ணப்பமும் முடிந்தது. குற்றம் பிள்ளையின் கையில் இல்லை, கண்ணாடியில் இருந்தது.

கண்ணாடியின்கீழ் அத்தனை படங்கள் இருந்தும் மவுஸ் காணாதது ஏன் எனின், அதன் கண் தன் வயிற்றை ஒட்டிய பரப்பை மட்டுமே கூர்ந்து காண வல்லது. கண்ணாடியின் தடிப்பிற்கு அப்பால் உள்ளது அதற்கு மங்கலே. 2009-ஆம் ஆண்டில் லாஜிடெக் நிறுவனம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்புள்ள கண்ணாடியின் மீதும் செல்லும் மவுஸை வெளியிட்டது உண்மையே. ஆயின் நம் சிற்றூர்க் கடைகளில் உள்ளவை பெரும்பாலும் விலை குறைந்த சாதாரண மவுஸ்களே அன்றோ!

இனி, விரிப்பு வேண்டும் என்பார் கூறும் வேறு காரணங்களையும் நோக்குவாம். விரிப்பு மேசையின் மெருகைக் காக்கும். மவுஸின் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகள் விரைவில் தேயாமற் காக்கும். நுட்பமான வரைபடம் வரைவோர்க்கு எங்கும் ஒரே தன்மையான பரப்பைத் தரும். இவை ஏற்கத்தக்கன. மணிக்கட்டுக்கு மெத்தை வைத்த விரிப்பு நோயைத் தடுக்கும் என்பதோ அவ்வளவு உறுதியன்று. மவுஸை நகர்த்தும்போது மணிக்கட்டை எதன்மீதும் அழுத்தாமல், கையை முழங்கையிலிருந்து அசைப்பதே நலம். மெத்தை, ஓய்வு கொள்ளும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்குவதற்கே. மேசையின் உயரம் தவறாயிருப்பின், அதனை எவ்விரிப்பும் திருத்தாது.

கூடத்திற்குத் திரும்பியதும் யாமே சோதித்தோம். மர மேசையில் மவுஸ் குறையின்றிச் சென்றது. வந்தவாசியிலிருந்து கொணர்ந்த கோரைப்பாய்த் துண்டின்மீதும் அம்பு வழி தவறவில்லை. ஆயினும் கோரையின் வரிகளில் மவுஸ் தட்டித் தட்டிக் கை அதிர்ந்தது. பழைய தேர்வுத்தாள் அட்டை, விலைகொடுத்து வாங்கிய விரிப்பைப் போலவே பணிபுரிந்தது. கண்ணாடி பதித்த இரு மேசைகளில் மட்டும் மவுஸ் திகைத்து நின்றது.

ஆகவே எமது கருத்து இது. மேசைதோறும் புதிய விரிப்பு வாங்குதல் வீண்செலவு. விரிப்பே வேண்டாம் என்பதும் ஆராயாத முடிவு. கண்ணாடி மேசை இரண்டிற்கும், வரைபடம் பயில்வோர்க்கும் விரிப்பு அளித்து, எஞ்சியவற்றைப் பரப்பின் தகுதிக்கே விட்டுவிடலாம். விண்ணப்பம் எழுத மக்கள் வந்துசெல்லும் இடமெங்கும், மேசை கண்ணாடியாயின், ஓர் அட்டையேனும் கிடத்தல் வேண்டும். கல்லூரியிற் கற்றுச் சென்று அத்தகைய கடையும் அலுவலகமும் நடத்தும் பழைய மாணவர்காள்! உங்கள் முன் வருவோர் கை தடுமாறுமாயின், அவரைக் கடிந்துகொள்ளுமுன் மவுஸின்கீழ் என்ன உள்ளது என்று ஒருமுறை நோக்குங்கள். ஒரு தாளின் விலையில் ஒரு பிள்ளையின் கல்வி தடைப்படாது நிற்குமாயின், அதனினும் மலிவான அறம் வேறு உளதோ?