எங்கே முட்டினாய் தம்பி?

ஜிஎஸ்டி சாலையில் போனால் வழி நெடுகப் பொறியியல் கல்லூரிப் பலகைகள். எல்லாவற்றிலும் '100 சதவீத வேலைவாய்ப்பு'. பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருகிற பெரும்பாலோருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

அதற்குள் எதிர்வீட்டுப் பையன் ரெஸ்யூமேயைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி ஆண்டு. முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் ப்ராஜெக்ட் செய்திருக்கிறான்.

"எங்கேப்பா முட்டிக்கிட்டு நின்னே?"

"எங்கயும் நிக்கல அங்கிள். குடுக்கும்போதே ஓடுச்சு."

ப்ராஜெக்ட் சென்டர்! கடைசி ஆண்டு ப்ராஜெக்டை ஆயத்தமாகச் செய்து விற்கும் கடை. நான் இந்தப் பேச்சை எடுத்தாலே பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்கள் இருக்கிறீர்கள், தெரியும். இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐட்ரிபிள்ஈ பேஸ் பேப்பர், கோடு, பிபிடி, 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்', 'ப்ரொபோஸ்டு சிஸ்டம்' என்று அத்தியாயம் பிரித்த ரிப்போர்ட், வைவாவில் என்ன சொல்வது என்ற பயிற்சி, எல்லாம் ஒரே விலையில். கல்யாண கான்ட்ராக்ட்காரர்கூட மாப்பிள்ளையை வீட்டாரே கொண்டுவர வேண்டும் என்பார். இங்கே அதுவும் சேர்த்தி.

முட்டிக்கொண்டால்தான் பாடம் என்று சொல்ல, கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் எழுதிய 'தி சி ப்ரோக்ராமிங் லாங்வேஜ்' புத்தகத்தை இந்தப் பத்தியில் எத்தனை முறை இழுத்தேனோ! ஒல்லிப் புத்தகம். 'ஹலோ வேர்ல்டு' உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். அதைவிட எனக்குப் பிடித்தது முதல் பயிற்சிக் கணக்கு. அந்த ப்ரோக்ராமை ஓட்டிப் பார், பிறகு அங்கங்கே கொஞ்சம் எடுத்துவிட்டு என்ன எர்ரர் வருகிறது என்று பார் என்கிறது. அரைப்புள்ளியை எடு, அடைப்புக்குறியை எடு, திட்டு வாங்கு. சி மொழியை உருவாக்கிய ரிச்சியே முதல் பாடமாகக் கெடுக்கச் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகள் நான்காண்டு படித்தும் எதையும் கெடுக்காமல் வெளியே வருகிறார்கள்.

வேலைக்கான ஆப்டிட்யூட் தேர்வை ஆர்.எஸ். அகர்வாலின் புத்தகத்தை உருப்போட்டுத் தாண்டிவிடலாம். டெக்னிகல் ரவுண்டில் ப்ராஜெக்டைத்தான் கிண்டுவார்கள். ஏன் இந்த டேட்டாபேஸ், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய்? உடைத்தவனுக்குக் கதை இருக்கும். வாங்கியவனிடம் பிபிடிதான் இருக்கும்.

வைவா எடுக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அட்டையைப் புரட்டிக் கையெழுத்துப் போடுமுன், அந்தக் கோடில் ஏதாவது ஒரு வரியை அழித்துவிட்டு, பையனை உட்கார வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டு லேபிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது.